பேசாத சாமும் பேசிய காகிதமும்

பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு போட்டோ இருக்கிறது. 2010 அக்டோபர், ஒரு சனிக்கிழமை மதியம். ஆன்சைட் வேலையாக வட கரோலினாவின் ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க்கில் இருந்த சமயம். கேரி என்ற ஊரில் நாலு பேர் ஒரு அபார்ட்மென்ட். அன்றைக்கு இலை நிறம் மாறுவதைப் பார்க்கலாம் என்று சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினோம். வளாகத்தின் முன்பக்கப் புல்வெளியில், உயரமான பீடத்தின் மேல் துப்பாக்கியோடு ஒரு வெண்கலச் சிப்பாய். அதன் கீழே நான், ஜெர்கின் போட்டுக்கொண்டு, கட்டை விரலை உயர்த்தியபடி.

கூட வந்த சீனியர், ஈரோட்டுக்காரர், விளக்கம் சொன்னார். "துப்பாக்கி வெச்சிருக்கான் பாரு, ஆனா தோட்டாப் பெட்டி கிடையாது. சுட முடியாது. அதான் இவன் பேரு சைலன்ட் சாம், பேசாத சாம்." சிரித்தோம். கொஞ்சம் தள்ளி வட்டமாக ஒரு கறுப்புக் கல் மேசை, சுற்றிலும் உட்காரக் கற்கள். அதில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்த மேசைக்குக் கடைசியில் வருகிறேன்.

2018 ஆகஸ்ட் 20 இரவு, அந்தச் சிலையை மாணவர்களும் மற்றவர்களுமாகச் சேர்ந்து கயிறு கட்டி இழுத்துக் கீழே தள்ளினார்கள். மறுநாள் வகுப்புகள் தொடங்கவிருந்தன. நான் அப்போது இந்தியா திரும்பி வருஷக்கணக்காகிவிட்டது. செய்தியைப் பார்த்ததும் "அட, நம்ம சாம்!" என்று போட்டோவைத் தேடி எடுத்தேன். எட்டு வருஷம் முன்னால் எதன் கீழே நின்று சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய வாசிப்பின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

போர் எதற்காக?

சுருக்கமாகப் பின்னணி. 1860-ல் அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததும் தென் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மொத்தம் 11 மாநிலங்கள் சேர்ந்து 'கான்ஃபெடரசி' என்ற தனி நாட்டை அறிவித்தன. வட கரோலினா 1861 மே மாதம் பிரிந்தது. நாலு வருஷப் போர். இரு தரப்பிலும் சேர்த்து ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1865-ல் தெற்கு தோற்றது, அடிமை முறை ஒழிந்தது.

போர் அடிமை முறைக்காகவா, மாநில உரிமைக்காகவா? இந்தச் சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் பிரிந்து போனவர்களுக்கு அந்தக் காலத்தில் இதில் குழப்பமே இருந்ததில்லை. மிசிசிப்பி மாநிலம் பிரிந்ததற்கான காரணங்களை எழுதி வெளியிட்டபோது, எடுத்த எடுப்பிலேயே அடிமை முறையைத்தான் காரணமாகச் சொன்னது. கான்ஃபெடரசியின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவன்னா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசாங்கத்தின் மூலைக்கல் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதே ஸ்டீஃபன்ஸ் போர் தோற்ற பிறகு, 1868-ல் தொடங்கி இரண்டு பாகமாக ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் போரின் காரணம் அரசியலமைப்பு, மாநில உரிமை என்று மாறிவிட்டது. தோற்றதும் நோக்கத்தைத் திருத்தி எழுதும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

மகள்கள் சங்கம்

திருத்தி எழுதுவதற்கு ஆள்பலம் வேண்டாமா? 1894-ல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் 'கான்ஃபெடரசியின் ஒன்றிணைந்த மகள்கள்' என்ற சங்கம் உருவானது. போரில் கலந்துகொண்டவர்களின் மகள்கள், பேத்திகள். இரண்டு வருஷம் கழித்து ரிச்மண்டில் 'கான்ஃபெடரேட் வீரர்களின் மகன்கள்' சங்கம். இரண்டுமே இன்றும் இயங்குகின்றன. இந்தப் பதிவில் மகள்கள் சங்கம், மகன்கள் சங்கம் என்றே சொல்கிறேன்.

முதலில் மகள்களைப் பற்றி. நான் வழக்கமான பாரம்பரிய சங்கம் ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். தேநீர், மாலை அணிவிப்பு, குடும்ப மரம். ஆனால் இவர்களுடைய நிர்வாகத் திறமை அசரவைத்தது. ஓட்டுரிமைகூட இல்லாத காலத்துப் பெண்கள் இவர்கள். முதல் உலகப் போர் சமயத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் உறுப்பினர்கள். ஊர் ஊராகக் கிளைகள். பலகாரம் விற்றும் சந்தா பிரித்தும் காசு சேர்த்து, நீதிமன்ற வாசல்களில் சிலை வைத்தார்கள். வயதான வீரர்களையும் விதவைகளையும் கவனித்தார்கள். அது நிஜமான சேவை, மறுக்க முடியாது.

அதே கையோடு பாடப்புத்தகங்களிலும் கை வைத்தார்கள். சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பாளராக இருந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்ட், முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு கையேடு போட்டார். பள்ளிப் புத்தகங்களை அளக்க ஓர் அளவுகோல். தெற்கு அடிமைகளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போரிட்டது என்று ஒரு புத்தகம் சொன்னால், அதை நிராகரியுங்கள். எஜமானர்கள் கொடுமைக்காரர்கள் என்று சொன்னாலும் நிராகரியுங்கள். நூலகத்தில் ஏற்கெனவே அப்படிப் புத்தகம் இருந்தால், அது தெற்குக்கு அநியாயம் செய்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இதுதான் அறிவுரை.

1923-ல் இன்னொரு முயற்சி. வெள்ளைக் குழந்தைகளை வளர்த்த விசுவாசமான கறுப்பு ஆயாவுக்குத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு நினைவுச் சின்னம் வைக்க மகள்கள் சங்கம் கேட்டது. செனட் சபை அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டது! கறுப்பினப் பெண்கள் அமைப்புகளும் கறுப்பினப் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தன. விஷயம் அடுத்த சபையைத் தாண்டவில்லை. இந்த ஆயாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதோடு ஒப்பிட இன்னொரு கறுப்புப் பெண் வரப்போகிறார்.

சிலைக்கு ஒரு 'பிளேம்'

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. பழைய நிரலில் ஏதாவது ஒரு வரி உறுத்தினால் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை அடிப்போம். அந்த வரியை யார், எந்தத் தேதியில், என்ன காரணம் எழுதிச் சேர்த்தார் என்று வந்துவிடும். பல நேரம் வரியைவிட அந்தக் காரணக் குறிப்புதான் முக்கியம். சாமுக்கும் அதைச் செய்து பார்க்கலாம்.

தேதி: 1913 ஜூன் 2. போர் முடிந்து 48 வருஷம் கழித்து. கேட்டது: மகள்கள் சங்கம், 1908-ல். செலவு 7,500 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு சங்கத்துடையது, மீதிக்குப் பழைய மாணவர்களிடம் வசூல். செய்தவர்: ஜான் வில்சன், பாஸ்டனில் இருந்த கனடாக்காரர். மாடலாக நின்ற பையனும் பாஸ்டன்காரன்தான். தெற்கின் வீரனுக்கு வடக்கத்தி முகம்! பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம்: ஒரு பெண் அழைக்க, மாணவன் புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டுப் போருக்குக் கிளம்புகிறான்.

1913-ல் வட கரோலினா எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1898-ல் வில்மிங்டன் நகரில் ஆயுதக் கும்பல் ஒன்று, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்திய நகர ஆட்சியைப் பலவந்தமாகக் கவிழ்த்தது. பல கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1900-ல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்றார்கள். படிக்காத வெள்ளையருக்கு மட்டும் ஒரு வழி விட்டார்கள்: 1867 ஜனவரி 1-க்கு முன் உன் தாத்தாவுக்கு ஓட்டு இருந்ததா? அப்படியானால் உனக்குத் தேர்வு வேண்டாம். கறுப்பர்களின் ஓட்டு ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. ஆக, சிலை வந்தபோது அதை வேண்டாம் என்று சொல்ல ஓட்டு உள்ள கறுப்பர் அந்த மாநிலத்தில் அனேகமாக இல்லை. வளாகத்தில் கறுப்பு மாணவர் ஒருவர்கூட இல்லை. இளநிலைப் படிப்பில் கறுப்பு மாணவர்கள் நுழைந்ததே 1955-ல்தான்.

காரணக் குறிப்பு

திறப்பு விழாப் பேச்சாளர்களில் ஒருவர் ஜூலியன் ஷேக்ஸ்பியர் கார். ஆமாம், நடுப்பெயர் ஷேக்ஸ்பியர்தான். சேப்பல் ஹில்லில் பிறந்தவர். 'புல் டர்ஹாம்' புகையிலையில் பெரும் பணம் சம்பாதித்தவர். பக்கத்து ஊர் கார்பரோவுக்கு அவர் பெயர்தான். போரில் சாதாரணச் சிப்பாய். பின்னாளில் முன்னாள் வீரர்கள் சங்கம் கொடுத்த பதவியால் 'ஜெனரல் கார்'.

மனிதர்கள் ஒற்றை நிறத்தில் வருவதில்லை. இதே கார்தான் சார்லி சூங் என்ற சீன இளைஞனின் படிப்புக்கு உதவினார். அந்தச் சூங்கின் ஒரு மகள் சன் யாட்-சென்னை மணந்தார், இன்னொருவர் சியாங் கை-ஷேக்கை மணந்தார். சீன வரலாற்றில் வரும் சூங் சகோதரிகள் இவர்கள்தான். கொடை வள்ளல் என்றுதான் காருக்கு ஊரில் பெயர்.

அவருடைய திறப்பு விழாப் பேச்சின் காகிதம் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவர் பெயரிலான பெட்டிகளுக்குள் கிடந்தது. ஆடம் டோம்பி என்ற முனைவர் பட்ட மாணவர் வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. 2011-ல் மாணவர் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி அதை வெளியே கொண்டுவந்தார். நான் போட்டோ எடுத்துச் சில மாதங்கள் கழித்து.

பேச்சில் இறந்தவர்களுக்கான புகழாரம் நிறைய இருக்கிறது. நடுவில் கார், போருக்குப் பிந்தைய நாலு வருஷங்களில் இந்த வீரர்கள் ஆங்கிலோ-சாக்சன் இனத்தின் நலனுக்குச் செய்ததை இன்றைய தலைமுறை உணரவில்லை என்கிறார். அந்த இனத்தின் ரத்தம் தெற்கில் சுத்தமாக இருப்பதற்கு அவர்களே காரணம் என்கிறார். பிறகு, கொஞ்சம் சொந்த விஷயம் பேசுகிறேன் என்று பீடிகை போட்டு ஒரு சம்பவம் சொல்கிறார்.

போர்க்களத்திலிருந்து திரும்பித் தொண்ணூறு நாள்கூட ஆகவில்லையாம். நாம் நிற்கும் இடத்திலிருந்து நூறு கஜ தூரத்தில், ஒரு கறுப்புப் பெண்ணைக் குதிரைச் சவுக்கால் அடித்தேன், அவள் பாவாடை கந்தல் கந்தலாகத் தொங்கும்வரை, என்கிறார். ஏன்? தெருவில் ஒரு வெள்ளைப் பெண்மணியை அவமதித்துப் பேசினாளாம். அடி தாங்காமல் தப்பித்தாள் என்றுகூட இல்லை, அடிக்கு முன்பே பாதுகாப்புத் தேடிப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் ஓடியிருக்கிறாள். அங்கே நூறு பேர் கொண்ட கூட்டாட்சிப் படை தங்கியிருந்தது. அந்தப் படையின் கண்ணெதிரிலேயே அடித்தேன் என்பதுதான் காரின் பெருமை. அதை இன்பமான கடமை என்கிறார். அப்புறம் முப்பது இரவு இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாராம்.

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. பட்டமளிப்பு வாரத்தில், ஆளுநரும் மகள்கள் சங்கத்துப் பெண்மணிகளும் இருந்த ஒரு விழாவில் சொல்கிறார். 48 வருஷம் கழித்தும் அதைச் சொல்ல அந்தச் சிலையடியே பொருத்தமான இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் முதன்முதலில் இந்தப் பகுதியைப் படித்த இரவு, மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூறு கஜம் என்றால் சுமார் 90 மீட்டர். என் போட்டோவில் எனக்குப் பின்னால் தெரிகிற புல்வெளி அது.

விழுந்த பிறகு

2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் ஒன்பது கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றான். கான்ஃபெடரேட் கொடியோடு அவன் எடுத்துக்கொண்ட படங்கள் வெளியாயின. தென் கரோலினா தன் சட்டசபை வளாகத்திலிருந்து அந்தக் கொடியை இறக்கியது. அதே ஜூலை மாதம் வட கரோலினா எதிர்த்திசையில் போய், பொது இடத்து நினைவுச் சின்னங்களை எளிதில் அகற்ற முடியாதபடி ஒரு சட்டம் போட்டது. மாணவர்கள் மனு, ஊர்வலம் என்று போனபோதெல்லாம் நிர்வாகம் இந்தச் சட்டத்தைத்தான் காட்டியது.

கும்பல் சேர்ந்து இழுத்துத் தள்ளியதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சங்கடம் உண்டு. இன்று எனக்குப் பிடிக்காத சிலை விழுந்தால், நாளைக்குப் பிடித்த சிலையும் விழும். ஆனால் வாசலைப் பூட்டி சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டு, ஜன்னல் வழியாக வந்தான் என்று கோபப்படுவதிலும் பாதிதான் நியாயம் இருக்கிறது.

இனி மகன்கள் சங்கத்தின் கதை. விழுந்த சிலையை வைக்க 53 லட்சம் டாலரில் ஒரு வரலாற்று மையம் கட்டலாம் என்று யோசனை வந்தது, நிராகரிக்கப்பட்டது. 2019 நவம்பர் 27, நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு முந்தைய மதியம். மகன்கள் சங்கத்தின் வட கரோலினாப் பிரிவு பல்கலைக்கழக அமைப்பின் மேல் ஒரு வழக்குப் போட்டது. அன்றைக்கே, நிமிஷக் கணக்கில், சமரசத் தீர்ப்பும் ஆனது! சிலை சங்கத்துக்கு. அதைப் பராமரிக்க 25 லட்சம் டாலர் அறக்கட்டளை நிதி. தனி ஒப்பந்தமாக, ஐந்து வருஷம் வளாகங்களில் கொடிகளோடு வந்து நிற்காமல் இருக்க இன்னொரு 74,999 டாலர்.

சங்கத்தின் வாதம் இது: 1913-ல் மகள்கள் சிலையை நிபந்தனையோடு கொடுத்தார்கள். வளாகத்திலிருந்து அகற்றினால் உரிமை அவர்களுக்கே திரும்பும். அவர்கள் அதை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சில நாளில் சங்கத்தின் மாநிலத் தலைவர் உறுப்பினர்களுக்கு எழுதிய வெற்றிக் கடிதம் கசிந்தது. வழக்குப் போட நமக்குச் சட்டப்படி தகுதி இல்லை என்பது முன்பே தெரியும் என்பது அதிலேயே இருந்தது. மெல்லன் அறக்கட்டளை பல்கலைக்கழகத்துக்குத் தரவிருந்த 15 லட்சம் டாலர் உதவியை நிறுத்தியது. 2020 பிப்ரவரியில் அதே நீதிபதி தன் தீர்ப்பை ரத்து செய்தார். சங்கத்துக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்றார். 1913-ன் உண்மையை ஒரு காகிதம் சொன்ன மாதிரி, 2019-ன் உண்மையையும் ஒரு காகிதம்தான் சொன்னது. இரண்டையும் எழுதியவர்கள் சிலையின் எதிரிகள் கிடையாது.

வரலாற்றை அழிக்கிறார்களா?

சிலைகள் இருக்கட்டும் என்பவர்கள் எல்லாரும் வெறியர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதில் செத்துப்போன கொள்ளுத்தாத்தாவை நினைக்க யாருக்கும் உரிமை உண்டு. போர் முடிந்த கையோடு தெற்கில் எழுந்த ஆரம்பகால நினைவுச் சின்னங்களில் பெரும்பாலானவை கல்லறைத் தோட்டங்களில்தான் இருந்தன. அழுவதற்கான இடம் அது. அவை நீதிமன்ற வாசலுக்கும் ஊர்ச் சதுக்கத்துக்கும் நகர்ந்தது பின்னால், ஓட்டுரிமை பறிக்கப்பட்ட காலத்தில். தெற்கின் தளபதி ராபர்ட் லீயே 1869-ல், போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று எழுதி, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுக் கற்கள் வைக்கும் கூட்டத்துக்கு வர மறுத்தார். அவருக்கே பின்னால் எத்தனை சிலைகள்!

"சிலையை எடுத்தால் வரலாறு அழியும்" என்ற வாதத்துக்கு என் பதில் இந்தக் கதைதான். சிலை 105 வருஷம் நின்றது. அத்தனை வருஷமும் அது காரின் பேச்சைப் பற்றி யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை, நான் தொட்டுக்கொண்டு நின்றபோதுகூட. வரலாறு இருந்தது பெட்டிக்குள். அதைப் படித்தவர்கள் வரலாற்றை அழிக்கவில்லை, வெளியே எடுத்தார்கள்.

"அப்படியானால் அடிமைகள் வைத்திருந்த வாஷிங்டன் சிலையை என்ன செய்வாய்?" என்ற கேள்வி சுலபமானதில்லை. நான் பிடித்துக்கொள்ளும் கயிறு ஒன்றுதான்: எதற்காக வைத்தார்கள், யார் சம்மதத்தோடு வைத்தார்கள் என்று காரணக் குறிப்பைத் தேடிப் படிப்பது. ஒவ்வொரு சிலைக்கும் பதில் வேறாகத்தான் வரும். விவாதமும் முடிந்தபாடில்லை. மகள்கள் சங்கம் 1914-ல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வைத்த நினைவுச் சின்னம் 2023 டிசம்பரில் அகற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில், அதைத் திரும்ப வைக்கப்போவதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அறிவித்தார்.

அந்த மேசை

புளியோதரை சாப்பிட்ட மேசைக்கு வருகிறேன். அதுவும் ஒரு நினைவுச் சின்னமாம். 2002-ல் படிப்பை முடித்த மாணவர்கள் கொடுத்த பரிசு, 2005-ல் வைத்தது. கொரியச் சிற்பி டோ-ஹோ சூ செய்தது. அந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பிய கறுப்பர்களுக்காக, அடிமைகளும் அடிமையல்லாதவர்களுமாக, பெயர் தெரியாமல் போன எல்லாருக்குமாக. கறுப்புக் கல் பலகையை முந்நூறு சின்னச் சின்ன வெண்கல மனிதர்கள் கைகளால் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் இருப்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். நாங்கள் நாலு பேரும் அந்த மனிதர்களின் மேல் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். கால் வேறு இடித்திருக்கும்.

மகள்கள் சங்கம் வாஷிங்டனில் சின்னம் வைக்க நினைத்த விசுவாசமான ஆயா எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிர்த்துப் பேசாதவள். சேப்பல் ஹில் தெருவில் வாய் திறந்து பேசிய பெண்ணுக்குக் கிடைத்தது சவுக்கு. அவள் பெயர் என்ன, அன்றைக்கு அவள் உண்மையில் என்ன சொன்னாள், அப்புறம் என்ன ஆனாள்? அடித்தவரின் பெருமைப் பேச்சில் அவள் வெறும் 'கறுப்புப் பெண்'. வெண்கலச் சிப்பாய்க்குச் செல்லப் பெயர்கூட இருந்தது.

போட்டோவை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினேன். முன்பு 'சைலன்ட் சாமுடன்' என்று இருந்தது. இப்போது தேதியும், 'நூறு கஜம்' என்ற இரண்டு வார்த்தைகளும்.